மஞ்சள் ஜேர்சி போட்ட பிள்ளைகளுக்கு



உலகக் கிண்ணம் வந்தால் ஒலுவில் பிள்ளைகளில் பாதிப்பேர் பிரேசில்தான். அவர்களில் சிலர் இப்போது, "சேர், நமக்குப் பந்து போதும், ஓ.எல். எதற்கு?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பிரேசில்காரரின் கதையைச் சொல்ல விரும்புகிறோம்.

பெயர் எலானோ. மத்திய கள வீரர். சாண்டோஸ் கழகத்தோடு 2002, 2004 ஆகிய ஆண்டுகளில் பிரேசில் சம்பியன். பிறகு உக்ரைனின் ஷக்தார், இங்கிலாந்தின் மன்செஸ்டர் சிட்டி, துருக்கியின் கலட்டசராய் என்று நாடு நாடாக விளையாடினார்.

2010 உலகக் கிண்ணத்தில் முதல் இரண்டு போட்டிகளிலும் கோல் போட்டார். இரண்டாவதில், ஐவரி கோஸ்ட் வீரர் ஒருவர் பந்தைப் பறிக்க வந்தபோது கால் அடிபட்டது. அத்தோடு அந்த உலகக் கிண்ணம் அவருக்கு முடிந்தது. 2014 அணியில் அவர் இல்லை.

ஆனாலும் பந்தை விடவில்லை. அதே 2014இல், 33 வயதில், சென்னைக்கு வந்தார். இந்தியன் சுப்பர் லீக்கின் முதல் பருவத்தில் 8 கோல்கள். அதிக கோல் போட்டவரும் அவரே. ஓட்டம் குறைந்த வயதில், பழகி வைத்த ஃப்ரீ கிக் கைகொடுத்தது. பின்னர் பயிற்றுவிப்பாளரானார்.

வாப்பாமாரே, உம்மாமாரே, பிள்ளையின் பந்தைப் பறிக்காதீர்கள். தம்பிமாரே, எலானோவுக்கே ஒரு அடியில் உலகக் கிண்ணம் போனது. உங்கள் காலை மட்டும் நம்பிப் பாடசாலையை விடாதீர்கள்.

அஸருக்குப் பிறகு மைதானம், மஃரிபுக்குப் பிறகு புத்தகம். இரண்டுக்கும் நேரம் இருக்கிறது, இன்ஷா அல்லாஹ்.