மறுநாள் வந்த வருத்தம்

மினசோட்டா லிங்க்ஸ் பெண்கள் கூடைப்பந்து அணி எனக்குப் பிடித்துப்போனது 2016 ஜூலையில். போலீஸ் சுட்டுக்கொன்ற கறுப்பர்கள் பிலாண்டோ காஸ்டில், ஆல்டன் ஸ்டெர்லிங் பெயர்களை டி-சர்ட்டில் தாங்கி வீராங்கனைகள் களத்துக்கு வந்தார்கள்.

அந்த ஆண்டு அக்டோபர் 20. சொந்த ஊரான மினியாபொலிசில் இறுதிச்சுற்றின் ஐந்தாவது ஆட்டம். 77-76 என்று லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்பார்க்ஸ் ஜெயித்தது.

கடைசி இரண்டு நிமிடத்துக்குள் ஸ்பார்க்ஸ் போட்ட ஒரு கூடை, 24 விநாடிக் கெடு முடிந்தபின் கையைவிட்டுப் போன பந்து. வீடியோவில் சரிபார்க்க விதி இருந்தது, நடுவர்கள் பார்க்கவில்லை. அந்த 2 புள்ளி கணக்கில் ஏறியது. நாங்கள் தோற்றது 1 புள்ளியில். மறுநாள் லீக் தவறை ஒப்புக்கொண்டது. கோப்பை திரும்பவில்லை.

தோழர்களே, விதி புத்தகத்தில் இருந்தால் போதாது. அநியாயம் நடக்கும் நொடியிலேயே அதைக் காட்டி ஆட்டத்தை நிறுத்துங்கள்.