கேஎல் பார்க்கப் போய் செப்பாங்கில் படுப்பதா?

கோலாலம்பூர் விமான நிலையம் கோலாலம்பூரில் இல்லை. கேஎல் என்று சுருக்கிச் சொல்கிற அந்த நகரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, செப்பாங்கில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே 1998-இல் திறந்தார்கள். திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ புறப்படுகிற நம்மவர்கள், இறங்குகிற இடத்திலேயே ஒரு அறை போட்டுவிட்டால் அலைச்சல் மிச்சம் என்று கணக்குப் போடுவதுண்டு. என் சின்ன மாமா அதற்கும் ஒருபடி மேலே. எல்லா இரவும் அங்கேயே தங்கிக்கொண்டு தினமும் ஊருக்குள் போய்வரலாம் என்றார். கிள்ளானில் இருக்கும் நண்பரிடம் போனில் யோசனை கேட்டேன். "கேஎல் பார்க்க வந்துட்டு செப்பாங்ல படுத்துக்கிட்டா எப்படிண்ணே?" என்று சிரித்தார்.

சிரிப்பில் நியாயம் உண்டு. விரைவு ரயில் முதல் முனையத்திலிருந்து 28 நிமிடத்தில், இரண்டாம் முனையத்திலிருந்து 33 நிமிடத்தில் நகரின் முதன்மை ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறது. வேகத்தைக் குறை சொல்ல முடியாது, கட்டணம்தான் உறுத்தும். நான் போனபோது ஒருவருக்கு ஒரு வழிக்கு 55 வெள்ளி. (ரிங்கிட் என்று அங்கே எந்தத் தமிழரும் சொல்லிக் கேட்டதில்லை.) மூன்று பேர் ஒருநாள் போய்வந்தாலே முந்நூறு வெள்ளியைத் தொட்டுவிடும். அந்தக் காசுக்கு ஊருக்குள் நல்ல அறையே எடுக்கலாம். பஸ் மலிவுதான், ஆனால் ஒரு மணி நேரம் ஆகும், சாலை நெரிசல் வேறு.

ஊருக்குள் எங்கே தங்குவது என்றால், நான் பிரிக்பீல்ட்ஸ் கட்சி. கேஎல் சென்ட்ரலிலிருந்து பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தே போய்விடலாம். துன் சம்பந்தன் சாலையில் பூக்கடை, வாழையிலைச் சாப்பாடு, புடவைக்கடை, சத்தமாகத் தமிழ்ப் பாட்டு. வெளிநாட்டுக்கு வந்தது எதற்கு என்று மாமா முணுமுணுத்தார், இரண்டாவது முறை ரசம் கேட்டு வாங்கிக்கொண்டே. பத்துமலை முருகன் கோயிலுக்குப் போகும் கொம்யூட்டர் ரயிலும் கேஎல் சென்ட்ரலிலிருந்தே கிடைக்கிறது. காலையில் வெயில் ஏறுமுன் அந்த 272 படிகளை ஏறி இறங்கிவிட வேண்டும். செப்பாங்கிலிருந்து கிளம்பினால் படியடிக்கு வருவதற்குள் வெயில் உச்சியைப் பிளக்கும்.

அப்படியானால் விமான நிலைய ஓட்டல் வீணா என்றால், இல்லை. அங்கே தூரத்தைவிடக் கடிகாரத்தைத்தான் பார்க்க வேண்டும். நள்ளிரவு வாக்கில் விரைவு ரயில் ஓய்ந்துவிடும். குடிநுழைவு வரிசையில் நின்று, பெட்டி எடுத்து, வெளியே வரும்போது மணி ஒன்றரை என்றால், கையில் குழந்தையும் தூங்கிவழிந்தால், அங்கேயே படுப்பதுதான் புத்தி. இரண்டாம் முனையத்தை ஒட்டிய வணிக வளாகத்தில் 3 மணி நேரம், 6 மணி நேரம் என்று வாடகைக்கு விடும் கூண்டுப் படுக்கைகள்கூட உண்டு. நள்ளிரவு தாண்டி இறங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வழக்கமான ஓட்டலில் முந்தின நாள் தேதிக்கு அறை போட வேண்டும். இறங்குகிற தேதியைப் போட்டால், மதியத்துக்கு மேல்தான் அறை என்று கைவிரிப்பார்கள்.

போடும்போது இடத்தையும் பாருங்கள். சில தங்குமிடங்கள் குடிநுழைவைத் தாண்டாத பயணிகளுக்காக உள்ளே இருப்பவை. முத்திரை குத்திக்கொண்டு வெளியே வந்தவருக்கு அவை ஆகா. 'விமான நிலையத்துக்கு அருகில்' என்று விளம்பரம் செய்யும் சில ஓட்டல்களோ வேன் ஏறிப் போக வேண்டிய தொலைவில் இருக்கின்றன. ஒருமுறை அந்த வேனுக்காகக் காத்து நின்ற நேரத்தில் நாங்கள் கேஎல் சென்ட்ரலுக்கே போயிருக்கலாம்.

திரும்பும் நாளுக்கும் இதே கணக்குத்தான். கேஎல் சென்ட்ரலிலிருந்து முதல் விரைவு ரயில் காலை 5 மணிக்கு. ஏழு மணி விமானத்துக்கு அதை நம்பினால், பெட்டி போடும் கவுன்டரில் மூச்சு வாங்கும். ஒன்பது மணிக்குப் புறப்படும் விமானம் என்றால் ஊரிலேயே நிம்மதியாகத் தூங்கலாம். ஆகவே முதலில் டிக்கெட்டில் உள்ள நேரத்தைப் பாருங்கள், ஓட்டலைப் பிறகு தேடலாம். விடியற்காலை விமானமானால் கடைசி இரவை மட்டும் செப்பாங்குக்குக் கொடுங்கள். மற்ற இரவுகளுக்கு பிரிக்பீல்ட்ஸில் அறை போடுங்கள்.