மடித்து ஏற்றும் அரண்மனை

நாடகம் முடிந்ததும் மேடைக்கு ஏறி வருகிறவர்கள் முதலில் செய்கிற காரியம், தூணைத் தட்டிப் பார்ப்பது. "அட, துணியா இது!" என்பார்கள். கேட்க சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் துணியைக் கல்லாகக் காட்டுவது எங்கள் வேலையில் சுலபமான பகுதி. விளக்கு அணைந்த அரை நிமிடத்துக்குள் அந்தத் தூண் சத்தமில்லாமல் நகர்ந்து, அதே இடத்தில் ஒரு குடிசை நிற்க வேண்டும். ராத்திரியே எல்லாம் வேனில் ஏறி, மறுநாள் வேறு ஊரில், வேறு அளவுள்ள மேடையில் எழுந்து நிற்க வேண்டும். ஒருவனுக்கு அரங்க அமைப்பு தெரியுமா என்பதை அங்கேதான் பார்க்க வேண்டும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி கம்பெனி நாடகங்களில் வளர்ந்தவர். தூரிகையை எடுத்தாலே அதட்டுவார்: "வரையறது அப்புறம்டா. முதல்ல மடிக்கக் கத்துக்க."

சட்டத்தட்டி என்பது இரண்டுக்கு ஒன்று ரீப்பர் கட்டையில் சட்டம் அடித்து, மூலைகளில் முக்கோணமாகப் பிளைவுட் வைத்து, காடாத் துணியை இழுத்து ஒட்டியது. இரண்டு தட்டிகளைச் சேர்க்கும் கீலில் கடையில் வாங்கிய ஆணியை உருவிப் போட்டுவிட்டு, வளைத்த கம்பி ஒன்றைச் செருகி வைப்போம். இருட்டில் இழுத்தால் கையோடு வந்துவிடும். தட்டி எவ்வளவு உயரம் என்பதை டைரக்டர் முடிவு செய்வதில்லை. வேனின் உள்நீளம் பத்தடி என்றால், சோழ மன்னனானாலும் அவன் தூண் பத்தடிதான்; மிச்சம் வேண்டுமென்றால் தனித் துண்டாகச் செய்து மேலே செருக வேண்டும்.

வர்ணம் கலப்பது பொறுமை கேட்கிற வேலை. வச்சிரப் பசையை இரவே ஊறவைத்து, நேரடியாகத் தீயில் காட்டாமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கரைத்து, அதில் பொடி வர்ணத்தைக் கலப்பார்கள். வச்சிரம் கூடினால் துணி விறைத்து, மடிக்கும்போது வர்ணம் வெடித்து உதிரும். குறைந்தால் நடிகரின் வேட்டியில் ஒட்டிக்கொண்டு போகும். ஈரத்தில் கருநீலமாகத் தெரிவது காய்ந்தால் வெளிறிவிடும் என்பதால், ஓரத்தில் ஒரு தீற்று இட்டு, காயவைத்துப் பார்க்காமல் யாரும் வானத்தில் கைவைக்க மாட்டார்கள். இப்போது எல்லோரும் எமல்ஷன்தான். ஈரத்துக்குத் தாங்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வச்சிர வர்ணத்தை வெந்நீரில் அலசிவிட்டு அதே துணியில் புதிதாக வரையலாம். எமல்ஷன் மேல் எமல்ஷனாக ஏறிய தட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருக்கிறது.

நம் ஊர் அரங்குகள் பெரும்பாலானவற்றில் காட்சி வரைந்த படுதாவை அப்படியே மேலே தூக்கி மறைக்க உயரம் கிடையாது. அதற்குக் கம்பெனிக்காரர்கள் கையாண்ட வழி உருளைப் படுதா. துணியின் அடியில் ஓர் உருளை. அதன் இரு நுனிகளிலும் கயிறு சுற்றியிருக்கும். கயிற்றை இழுத்தால் உருளை தானே சுழன்று, படுதாவைத் தன்மேல் சுருட்டிக்கொண்டு மேலேறும். இரண்டு பக்கமும் ஒரே சீராக இழுக்கத் தெரிந்தவன் வேண்டும். இல்லாவிட்டால் தர்பார் சாய்ந்துகொண்டே போகும். உருளை நடுவில் தொய்ந்தால் மலையில் சுருக்கம் விழும். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகங்களில் காடு, தெரு, தர்பார் என்று படுதாக்கள் இன்றும் வாடகைக்குப் போகின்றன.

அந்தக் காலத்தில் கன்னையா கம்பெனியின் 'தசாவதாரம்', நவாப் ராஜமாணிக்கத்தின் புராண நாடகங்கள் எல்லாமே காட்சி ஜோடனைக்காகவும் ஜனம் திரண்டவை. பின்னாளில் ஆர்.எஸ். மனோகர் 'இலங்கேஸ்வரன்' போன்ற நாடகங்களில் தந்திரக் காட்சிகளைக் கொண்டுவந்து சபா மேடையை மிரள வைத்தார். காலண்டர் ஓவியத்தால் பேர்பெற்ற கோவில்பட்டி கொண்டையராஜுவும் நாடகக் கம்பெனிக்குப் படுதா வரைந்தவர்தான். காலண்டரில் முருகனுக்குப் பின்னால் தெரியும் மலையையும் அருவியையும் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கம்பெனிப் படுதாதான் ஞாபகம் வரும்.

படுதாவுக்கு ஒரு பலவீனம் உண்டு. தூரத்து வாசல் சின்னதாகத்தான் வரையப்பட்டிருக்கும். நடிகர் அதன் அருகில் போய் நின்றால் வாசலைவிட ஆள் உயரமாகிவிடுவார். அவர் நிழலும் வானத்தின் மேல் விழும். ஆகவே படுதாவிலிருந்து நாலடி தள்ளிச் சாக்பீஸ் கோடு போட்டு, "அண்ணே, இதைத் தாண்டாதீங்க" என்று ஒத்திகையிலேயே சொல்லி வைப்பேன். ஆவேச வசனம் வந்தால் சிலருக்குக் கோடு கண்ணில் படாது.

விளக்கும் வர்ணமும் ஒரே மேஜையில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியவை. சிவப்புச் சேலை பச்சை வெளிச்சத்தில் கறுத்துப்போகும். பழைய பல்பை டிம்மரில் இறக்கினால் மஞ்சள் கூடிக்கொண்டே அணையும். அந்தி மயங்குகிற காட்சிக்கு அதுவே போதும். எல்.ஈ.டி. அப்படி இறங்காது, மங்க மட்டுமே செய்யும். அந்த மஞ்சளை நாமாகக் கலந்து சேர்க்க வேண்டியிருக்கிறது. வந்த புதிதில் எல்.ஈ.டி.யைத் திட்டியவன் நான். இப்போது திட்டுவதில்லை: சூடு குறைவு, துணிக்கு அருகில் வைக்கலாம், மின்சாரமும் மிச்சம். என்றாலும், எளிதில் தீப்பற்றாமலிருக்க, காடாத் துணியை வெங்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் நனைத்துக் காயவைக்காமல் மேடையேற்ற மாட்டேன்.

காட்சி மாற்றத்துக்கு வருகிறேன். பிரகாசமான மேடை சட்டென்று இருண்டால் கொஞ்ச நேரத்துக்கு யாருக்கும் கண் தெரியாது. எங்கள் பையன்கள் விங்ஸில் நின்று, இருட்டு வருவதற்குச் சற்று முன்பே கண்ணை மூடிக்கொள்வார்கள். விளக்கு போனதும் திறந்தால் அவர்களுக்கு வழி தெரியும், பார்வையாளர்களுக்குத் தெரியாது. யார் எதைத் தூக்குவது, எந்தப் பக்கம் வெளியேறுவது, யார் யாருக்கு வழிவிடுவது எல்லாம் நடனம் மாதிரி ஒத்திகை பார்த்தது. வெறுங்காலோடுதான் ஓடுவார்கள். அந்த ஒத்திகைக்குத்தான் நேரமே கிடைப்பதில்லை. மத்தியானம் வரை மண்டபத்தில் வேறு நிகழ்ச்சி. நாலு மணிக்குச் சாவி. ஆறரைக்கு முதல் மணி. இடையில் மைக்செட்காரர், பூ அலங்காரம், குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினருக்கு நாற்காலி.

சபா செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாடகம் இருக்கிற அன்று மேடையைக் காலையிலேயே திறந்துவிடுங்கள். வாடகையில் கொஞ்சம் கூட்டிக்கொண்டாலும் கொடுத்துவிடுகிறோம். அழைப்பிதழில் பேர் போடுவதானால், என் பேருக்கு முன்னால் கயிறு இழுக்கிற பையன்களின் பேரைப் போடுங்கள்.