பாட்டி பார்த்த இலையுதிர் காலம்

அக்டோபர் வந்துவிட்டால் போதும், என் கைப்பேசி முழுக்க ஆரஞ்சு நிறம்தான். மேப்பிள் இலைகள், மெழுகுவர்த்தி, பரங்கிக்காய் சூப், மேசையின் இரு பக்கமும் இரண்டே நாற்காலிகள். நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலோ மதியம் வரை கொளுத்தும் வெயில், மாலையானால் இடி மழை. இருந்தாலும் ஆசை யாரை விட்டது?

வீட்டுக்காரர் வேலை விஷயமாகப் பினாங்கு போயிருந்த வாரக் கடைசியில், அந்த இரண்டாவது நாற்காலியைப் பாட்டிக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். பாட்டி கிள்ளானில் தனியாக இருக்கிறார். “சாப்டீங்களா?” “சாப்டேன், நீ?” என்பதோடு எங்கள் பேச்சு பல மாதங்களாக முடிந்துகொண்டிருந்தது. வானொலியில் ஊரே கேட்கப் பேசுகிறவளுக்குப் பாட்டியிடம் பேச நேரமில்லை.

சனிக்கிழமை காலை நிகழ்ச்சி முடிந்ததும் பிரிக்பீல்ட்ஸ் போனேன். கோலாலம்பூரைக் கட்டி எழுப்ப ஒரு காலத்தில் செங்கல் சுட்ட இடம், அதனால் வந்த பெயர். துன் சம்பந்தன் சாலைப் பக்கம் மேப்பிள் இலைக்கு எங்கே போவது? பூக்கடையில் அதே நிறத்தில் செண்டுமல்லி கிடைத்தது. கூடவே ஒரு கீற்று பரங்கிக்காய், கொஞ்சம் பட்டை. கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறி, சுபாங் ஜெயா, ஷா ஆலாம் தாண்டிக் கிள்ளானில் இறங்கியபோது வானம் கறுத்திருந்தது.

மேசையில் பூவை உதிர்த்துப் பரப்பி, மெழுகுவர்த்தி ஏற்றினேன். “இன்னிக்கு நம்ம வீட்ல இலையுதிர் காலம், பாட்டி!”

பாட்டி சிரிக்கவில்லை. “இலை உதிர்ந்தா விருந்தா? எங்களுக்கு அது வயித்தக் காயப்போடுற காலம்டி.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாட்டி பால்மரம் சீவியவர். ஆண்டுத் தொடக்கத்து வெயில் மாதங்களில் ரப்பர் மரத்தின் இலைகள் பழுத்துச் சிவந்து கொட்டிவிடும். புதுத் தளிர் முற்றும்வரை பால் குறையும். பால் குறைந்தால் கைக்கு வரும் காசும் குறையும்.

“காடே செவப்பா, பாக்க அழகாத்தான் இருக்கும். நாங்க எங்க நிமிந்து பாத்தோம்? வாளிக்குள்ளதான் பாத்தோம்.”

“அப்ப என்ன சாப்பிடுவீங்க?”

“அவிச்ச மரவள்ளிக்கிழங்கு, நெத்திலிச் சம்பல், சீனி கம்மியா கோப்பி ஓ. ஒன் தாத்தா வேலி ஓரத்துல நட்ட பரங்கி காய்ச்சா, அன்னிக்குத்தான் விருந்து.”

சூப்புக்காக வெட்டி வைத்திருந்த பரங்கித் துண்டுகளைப் பாட்டி என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கடுகு, காய்ந்த மிளகாய், வெங்காயம் தாளித்து, காய் வெந்ததும் கடைசியில் தேங்காய்ப்பால். வாங்கி வந்த பட்டையைக் கோப்பியில் தட்டிப் போட்டேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. சுடுசோற்றோடு நாங்கள் இருவரும் சாப்பிட்டு முடித்த பிறகும் பேச்சு முடியவில்லை. தாத்தா எப்படிப் பெண் பார்க்க வந்தார், பிரட்டுக்களத்தில் விடியுமுன் எப்படிப் பேர் கூப்பிடுவார்கள் என்பதெல்லாம் முப்பது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிய வருகிறது.

அந்தத் தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்களாம். செம்பனைக்கு இலையுதிர் காலம் கிடையாது. இப்போது அதுவும் போய் வரிசை வீடுகள் நிற்கின்றன.

1877-இல் நட்ட முதல் ரப்பர் மரங்களில் ஒன்று கோலகங்சாரில் இன்னும் நிற்கிறது என்று சொன்னேன். “இலை கொட்டுற மாசமாப் பாத்துப் போவமா, பாட்டி?”

மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டுப் பாட்டி சொன்னார்: “போவோம். இந்தத் தடவை நிமிந்து பாக்குறேன்.”