பெட்டையா, சேவலா? பொறுத்தறிவோம்

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்பது நம் முன்னோர் மொழி. பயிரைப் பொறுத்த மட்டில் அஃது உண்மையாக இருக்கலாம். கோழிக்குஞ்சைப் பொறுத்த மட்டில் அம்மொழி செல்லாது. அன்று பொரித்த கம்பத்துக் கோழிக்குஞ்சு ஒன்றைக் கையில் ஏந்தி, “இது பெட்டையா, சேவலா?” என்று கேட்டால், கோழி வளர்த்துப் பழகிய முதியவரும் தடுமாறவே செய்வர்.

நம் நாட்டுத் தோட்டங்களில், லயத்து வீட்டின் பின்புறம் நாலைந்து கோழிகளாவது மேயாத குடும்பம் ஒரு காலத்தில் அரிது. பெட்டையெனில் முட்டை கிடைக்கும். முட்டையை விற்றால் கைச்செலவுக்குச் சில வெள்ளி கிடைக்கும். சேவலெனில் விருந்துக்கும் வேண்டுதலுக்கும் ஆகும். ஆகவே, மேற்கூறிய கேள்வி விளையாட்டுக் கேள்வியன்று. ஓர் ஏழைக் குடும்பத்தின் வரவு செலவோடு தொடர்புடைய கேள்வியாகும்.

இக்கேள்விக்கு விரைவாக விடைகாண விரும்பியோர் பலவகை நம்பிக்கைகளை உண்டாக்கி வைத்தனர். முனை கூரிய முட்டையில் சேவலும், உருண்டை முட்டையில் பெட்டையும் பிறக்கும் என்பர் சிலர். மோதிரத்தை நூலில் கட்டி முட்டையின்மேல் தொங்கவிட்டு, அஃது ஆடும் திசையைப் பார்த்துச் சொல்வர் வேறு சிலர். இவை எவற்றிலும் உண்மையில்லை. பறவைகளில் பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்பது தாய்க்கோழியின் கருவணுவைப் பொறுத்தது. முட்டைக்கு ஓடு உண்டாகுமுன்னரே அது முடிவாகிவிடுகின்றது. பின்னர் ஓட்டின் வடிவத்தைப் பார்த்துப் பயன் என்ன? 21 நாள் அடைகாத்துப் பொரிக்கும் குஞ்சுகளில், பொதுவாக ஏறத்தாழப் பாதி சேவலாகவே இருக்கும்.

முதல் நாளிலேயே அறியும் வழி அறவே இல்லையா எனில், உண்டு. ஜப்பானிய அறிஞர்களான மசூயியும் ஹாஷிமொட்டோவும், குஞ்சின் கழிவாயினுள் காணப்படும் மிகச் சிறிய வேறுபாட்டைக் கொண்டு ஆண் பெண் அறியும் முறையை ஆராய்ந்து, 1933ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் நூலாகவும் வெளியிட்டனர். நெடுநாள் பயிற்சி பெற்றோரே இதனைச் செய்ய இயலும். பழகாத கை அழுத்தினால் குஞ்சு மாண்டுபோகும். மாணவர்கள் இதனை முயலவே கூடாது. இஃதன்றி, சில கலப்பினங்களில் குஞ்சின் நிறமே விடை கூறிவிடும். செந்நிற ரோட் ஐலண்ட் சேவலைத் தக்க வெள்ளை இனப் பெட்டையோடு சேர்த்தால், பெட்டைக் குஞ்சுகள் செம்பழுப்பாகவும் சேவற்குஞ்சுகள் வெளிர்மஞ்சளாகவும் பிறக்கும். பல இனங்கள் கலந்த நம் கம்பத்துக் கோழியிடம் இந்த நிறக்கணக்குச் செல்லாது.

பெரிய பண்ணைகளுக்கு இந்த அவசரம் ஏன்? முட்டைக்கென வளர்க்கும் இனத்தில் சேவற்குஞ்சு முட்டையிடாது; அதற்குத் தீனியிடுவது நட்டம் என்று கருதி, பிறந்த அன்றே கொன்றுவிடும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. ஜெர்மனி நாடு 2022ஆம் ஆண்டு முதல் இதனைச் சட்டத்தால் தடைசெய்தது. நமக்கோ அத்தகைய அவசரம் எதுவும் இல்லை. நாம் காத்திருக்கலாம். காத்திருப்போர்க்குக் குஞ்சே தன்னை அறிவிக்கும்.

அந்த அடையாளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே தோன்றும். முதல் சில வாரங்களில் பெட்டைக் குஞ்சுக்கு முதுகிலும் வாலிலும் இறகு விரைந்து முளைக்கும். சேவற்குஞ்சின் முதுகோ சிறிது காலம் வெறுமையாய்க் கிடக்கும். ஆறு வாரத்தையொட்டிச் சேவலின் கொண்டை பருத்துச் சிவக்கத் தொடங்கும், கால்களும் தடிக்கும். ஆயினும், இவையெல்லாம் ஐயத்திற்கு இடமானவை. கொண்டை சிறுத்த இனங்களும் உண்டு. கொண்டை முந்திச் சிவக்கும் பெட்டைகளும் உண்டு. சண்டையிடும் குணத்தை நம்புதல் அதனினும் பிழை. இளமையில் இருபாலும் மோதிக்கொள்ளும். ஏறக்குறைய மூன்று மாதம் ஆனதும், வாலுக்கு முன்னே இடுப்பின்மேல் வளரும் இறகைப் பார்த்தல் வேண்டும். அது நீண்டு, நுனி கூர்ந்து, பளபளப்பாகத் தொங்கினால் சேவல். நுனி வட்டமாக இருந்தால் பெட்டை. இதுவே பெரிதும் நம்பத்தக்க அடையாளம். கூவுதல் பெரும்பாலும் இதற்குப் பின்னரே வரும்.

இதனை எனக்குக் கற்பித்தது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியன்று. பால்மரம் சீவிய என் தாயாரே. ஓராண்டு என் தம்பிக்குக் கடுங்காய்ச்சல் கண்டபோது, அவர் முனியாண்டி சாமிக்கு ஆடித் திருவிழாவில் சேவல் கொடுப்பதாக நேர்ந்துகொண்டார். தம்பி பிழைத்தான். சித்திரையில் பொரித்த குஞ்சுகளில் ஒன்று நெஞ்சை நிமிர்த்தி நடந்தது, மற்றவற்றை விரட்டியது, அதன் கொண்டையும் முந்திச் சிவந்தது. அதனையே சாமிக்கு ஒதுக்கிவிட்டு, மெலிந்து ஒதுங்கி நின்ற கறுப்புக் குஞ்சைச் சம்பள நாளன்று வரும் கோழி வியாபாரியிடம் தள்ளிவிடுமாறு என் தாய்மாமன் கூறினார். “அண்ணே, ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது; பொறுங்கள். கொண்டை பொய் சொல்லும், இடுப்பு இறகு சொல்லாது” என்றார் தாயார். வியாபாரி இருமுறை வந்தும் வெறுங்கையோடு திரும்பினார்.

ஆனி மாதக் கடைசியில் தாயார் இரண்டையும் பிடித்து இறகை விரித்துக் காட்டினார். வீரம் காட்டியதற்கு வட்ட இறகு, அது பெட்டை. ஒதுங்கி நின்ற கறுப்பிற்குக் கூரிய இறகு, அதுவே சேவல். அவசரப்பட்டிருந்தால், முட்டையிட வேண்டியதைச் சாமிக்கு அறுத்து, சாமிக்குரியதைச் சொற்ப விலைக்கு விற்றிருப்போம். வேண்டுதல் முறையாக நிறைவேறியது. அப்பெட்டை ஆண்டிறுதிக்குள் முட்டையிடத் தொடங்கியது. அம்முட்டைகளை விற்ற பணத்தில்தான், அடுத்த சனவரியில் என் தங்கை புதிய வெள்ளைக் காலணியோடு முதலாம் ஆண்டில் சேர்ந்தாள்.

இன்று தலைமையாசிரியர் நாற்காலியில் அமர்ந்திருக்கும் என்னிடம், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துச் சில மாதங்கூட ஆகாத பெற்றோர் வந்து, “ஐயா, இவன் தேறுவானா?” என்று வினவுகின்றனர். சிலர் வினவுவதுமில்லை, “இவனுக்குப் படிப்பு வராது” என்று பிள்ளையின் காதுபடவே தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தாமதிக்கும் பிள்ளை, நான்காம் ஆண்டில் கணக்கில் முந்திச் செல்வதை நான் பலமுறை கண்டிருக்கின்றேன். முந்திச் சிவக்கும் கொண்டையைக் கண்டு மயங்கவும் வேண்டா. ஒதுங்கி நிற்பதைக் கண்டு தள்ளிவிடவும் வேண்டா. ஆனால், பொறுத்தல் என்பது வாளாவிருத்தல் அன்று. என் தாயார் காத்திருந்த அம்மூன்று மாதமும் இரண்டு குஞ்சுக்கும் ஒரே அளவு தீனியே இட்டார். இரண்டையும் ஒரே கூட்டில்தான் அடைத்தார்.

மாணவச் செல்வங்களே! உங்கள் வீட்டில் கோழி பொரித்தால் ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாரந்தோறும் ஒவ்வொரு குஞ்சின் இறகு, கொண்டை, கால் ஆகியவற்றைப் பார்த்து எழுதுங்கள். முதல் வாரத்தில் நீங்கள் நினைத்ததையும் மறைக்காமல் எழுதுங்கள். பன்னிரண்டாம் வாரத்தில் இடுப்பு இறகைப் பார்த்துவிட்டு, முதல் பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். கண்ணால் காண்பதற்கும் அவசரத்தில் கருதுவதற்கும் உள்ள வேற்றுமையை அந்தக் குறிப்பேடே உங்களுக்குக் கற்பிக்கும்.