அடிக்குறிப்பும் ஓர் அமானிதமே



சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு பயிலும் நம் மகள், சென்ற பருவத்தில் அரசமைப்புச் சட்டப் பாடத்திற்காகச் சமய உரிமையும் தனியார் சட்டமும் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. முதல் வரைவை ஒருநாள் இஷாவுக்குப் பின் நமக்கு வாசித்துக் காட்டினாள். அதிலிருந்த ஒரு வாக்கியம் நம் உள்ளத்தைக் குளிரச் செய்தது. முத்தலாக் 1400 ஆண்டுகளாகப் பின்பற்றப்பட்டு வருவதால் அது சமயத்தின் ஒரு பகுதியே என்றும், அரசமைப்புச் சட்டத்தின் 25ஆவது பிரிவு அதற்குப் பாதுகாப்பளிக்கிறது என்றும் உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டுள்ளது என்பதே அவ்வாக்கியம். கீழே அடிக்குறிப்பில் 'ஷயாரா பானு எதிர் இந்திய ஒன்றியம், (2017) 9 எஸ்.சி.சி. 1' எனச் சான்றும் இருந்தது.

அந்த வாக்கியம் நமக்குப் புதிதன்று. வாட்ஸ்அப்பில் வந்த அதனை மகளுக்கு அனுப்பியவரே நாம்தாம். அது மட்டுமன்று, நம் மஹல்லாவின் வாராந்திரப் பயானிலும் அதனை உரத்துக் கூறியிருந்தோம்.

இரண்டு நாள்கள் கழித்து மகள் நம்மிடம் வந்தாள். முகம் வாடியிருந்தது.

"அத்தா, நீங்க அனுப்பினது தீர்ப்புக்குள்ள இருக்கு. ஆனா அது தீர்ப்பு இல்லை" என்றாள்.

பிறகு பொறுமையாக விளக்கினாள். 2017 ஆகஸ்ட் 22 அன்று வெளிவந்த அத்தீர்ப்பை வழங்கியவர்கள் ஐந்து நீதிபதிகள். ஏடுகளில் முதலில் இடம்பெறுவது தலைமை நீதிபதி கேஹர் தமக்கும் நீதிபதி அப்துல் நசீருக்குமாக எழுதிய கருத்து. நம்மை மகிழ்வித்த சொற்கள் அங்கேதான் உள்ளன. ஆனால் அது இருவரின் சிறுபான்மைக் கருத்து. நீதிபதி குரியன் ஜோசப், முத்தலாக் சமயத்தின் இன்றியமையாத பகுதி என்பதை ஏற்கவில்லை. ஷமீம் ஆரா வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் கூறியதையே சட்டமாகக் கொண்டார். நீதிபதி நாரிமன் தமக்கும் நீதிபதி லலித்துக்குமாக எழுதியபோது, அது 14ஆவது பிரிவு வழங்கும் சமத்துவத்திற்கு முரணானது என்றார். மூவரும் முடிவில் ஒன்றுபட்டனர், காரணத்தில் ஒன்றுபடவில்லை. மூன்றுக்கு இரண்டு என்னும் பெரும்பான்மையால் முத்தலாக் தள்ளுபடி செய்யப்படுகிறது என்று ஐவரும் கையொப்பமிட்ட ஆணை இறுதியில்தான் வருகிறது. சிறுபான்மையான அவ்விருவரும்கூட முத்தலாக்குக்கு ஆறு மாதத் தடை விதித்து, சட்டம் இயற்றுவது குறித்து ஆராயுமாறு அரசைப் பணித்திருந்தனர். நம் கைப்பேசிக்கு வந்த செய்தியில் இவற்றுள் ஒன்றும் இல்லை.

முத்தலாக் பற்றிய ஃபிக்ஹுச் சட்டம் இக்கட்டுரையின் பேசுபொருள் அன்று. அத்தீர்ப்பில் நமக்கு உடன்பாடு உண்டா என்பதும் இங்கே கேள்வியன்று. நீதிமன்றம் கூறாத ஒன்றை நீதிமன்றம் கூறியதாக நாம் கூறினோம் என்பதே நம்மை உறுத்தியது. வழக்கின் பெயர் சரி, ஆண்டு சரி, தொகுதி எண்ணும் சரி. ஆயினும் கூற்று தவறு.

பல ஆண்டுகளாக ஹதீஸ் பாடம் நடத்தும் நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும். இமாம் திர்மிதீ (ரஹ்) தம் தொகுப்பில் ஹதீஸைப் பதிவு செய்தபின் பல இடங்களில் அதன் தரத்தையும் உடனே குறிப்பிடுவார்கள். அக்குறிப்பை மறைத்துவிட்டு, "திர்மிதீயில் இருக்கிறது" என்று மட்டும் ஒரு மாணவர் கூறினால் நாம் விடுவோமா? எண்ணைப் பார்த்தாய், அதன்கீழ் இமாம் எழுதியதை ஏன் பார்க்கவில்லை என்று கேட்போம். அந்தக் கேள்வியை நம் மகள் நம்மிடம் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதே நமக்குக் கனமாக இருந்தது.

அவளிடமும் ஒரு குறை இருந்தது. ஷமீம் ஆரா வழக்கின் அடிக்குறிப்பை ஒரு பாடநூலிலிருந்து அப்படியே பெயர்த்திருந்தாள், தீர்ப்பைத் திறக்கவில்லை. "எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க அத்தா" என்றாள். அப்போது அவளுக்குத் தத்லீஸ் பற்றிக் கூறினோம். ஓர் அறிவிப்பாளர், தாம் நேரில் கேளாத செய்தியை, இடையில் இருந்தவரின் பெயரை விட்டுவிட்டு, நேரில் கேட்டது போலத் தோன்றும் சொல்லால் அறிவிப்பதே தத்லீஸ். அவர் பொய் கூறியிருக்கமாட்டார். செய்தியும் உண்மையாக இருக்கலாம். இருந்தும் ஹதீஸ் கலை அறிஞர்கள் அத்தகையோரின் பெயர்களைத் தனியே பட்டியலிட்டு வைத்தார்கள். அவர் "இன்னாரிடமிருந்து" என்று பொதுவாகக் கூறினால் தயங்கினார்கள். "எமக்கு அறிவித்தார்" என்று தெளிவாகக் கூறினால்தான் ஏற்றார்கள். பாடநூலில் கண்டதைத் தீர்ப்பில் கண்டது போல எழுதுவதும் இதே இனம்தான்.

தனக்கு வழங்கப்படாததைக் கொண்டு நிறைவு பெற்றவராகக் காட்டிக்கொள்பவர் பொய்யின் இரு ஆடைகளை அணிந்தவரைப் போன்றவர் என்னும் கருத்தில் ஒரு நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. படிக்காத தீர்ப்பைப் படித்ததாகக் காட்டும் அடிக்குறிப்புக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும் என்றே நாம் கருதுகிறோம்.

அன்றிரவே தந்தையும் மகளுமாகச் சில விதிகளை வகுத்துக்கொண்டோம். தீர்ப்பைத் திறந்து படித்தால் மட்டுமே அதனை நேரடியாகச் சான்று காட்டுவது. இயலாதபோது, இன்ன நூல் வழியாக எடுத்தது என்று வெளிப்படையாக எழுதுவது. வழக்கின் பெயரோடு நிறுத்தாமல் பத்தி எண்ணையும் குறிப்பிடுவது. நீதிபதிகள் தனித்தனியாக எழுதியிருந்தால், சொன்னவர் யார், அது பெரும்பான்மையா சிறுபான்மையா என்பதையும் சேர்த்து எழுதுவது. நமக்கு உவப்பான வரியைக் கண்டால் இருமுறை சரிபார்ப்பது. ஏனெனில் பிடிக்காததை நாம் எப்படியும் சோதிப்போம். பிடித்ததைத்தான் சோதிக்காமல் விழுங்கிவிடுகிறோம். செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு பணிக்கும் ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆவது வசனத்தை மனனமாக வைத்திருக்கும் நாமே தவறியது இந்த இடத்தில்தான்.

மகள் அப்பகுதியை மாற்றி எழுதினாள். சிறுபான்மைக் கருத்தை நீக்கவில்லை. சிறுபான்மைக் கருத்து என்றே பெயரிட்டு, அதன் வாதத்தை முழுமையாக எடுத்துரைத்து, தான் அதனோடு எங்கே உடன்படுகிறாள் என்பதையும் எழுதினாள். முன்னைவிட அது வலுவாகவே இருந்தது.

நம் பங்கு எஞ்சியிருந்தது. அடுத்த வாரப் பயானில், முன்பு நாம் கூறியது தவறு என்று அறிவித்து, நடந்ததை விளக்கினோம். முடிந்தபின் ஒரு பெரியவர் அருகில் வந்து, "ஹஜ்ரத், யாரும் கேட்கலையே, ஏன் நீங்களா சொல்லணும்?" என்றார். "கேட்டவங்க நம்பிட்டாங்களே பாய்" என்றோம். அதற்குமேல் நம்மிடம் பதில் இல்லை.

அறிந்ததை அறிந்தவாறே சொல்லவும், எடுத்த இடத்தை மறைக்காமல் காட்டவும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.