சீனியைப் போட்டால் உறைந்துவிடும்... ஆனால்? ஆமத்தூர் பனங்காட்டில் ஒரு 'சொதப்பல்' நாள்!

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால், போனைக் கொஞ்ச நேரம் பைக்குள் வைத்துவிட்டு வெளியே பாருங்கள். கரிசல் காடு, கருவேல மரங்கள், பட்டாசு ஆலைகளின் போர்டுகள், நடுநடுவே வரிசை கட்டி நிற்கும் பனைகள். இரண்டு ஊர்களுக்கும் நடுவில் வருகிறது ஆமத்தூர்.

இந்தப் பக்கம் பட்டாசும் பனையும் பழைய சொந்தக்காரர்கள். சின்ன வயதில் நாம் வெடித்த முக்கோண ஓலை வெடி, பனை ஓலையை மடித்துச் செய்ததுதான். இரண்டு தொழிலுக்கும் எதிரியும் ஒன்றே... மழை!

பங்குனியில் தொடங்கி ஆடி வரை பதநீர்க் காலம். அப்படியொரு வைகாசிக் காலையில் கருப்பட்டி காய்ச்சுவதைப் பார்க்க, ஆமத்தூரைத் தாண்டி ஒரு கண்மாய்க் கரைக்குப் போயிருந்தோம். நல்லபடியாக நடந்திருந்தால், கருப்பட்டி எப்படித் தயாராகிறது என்று மட்டும் எழுதியிருப்போம். அன்றைக்கு எல்லாமே தப்பாக நடந்தது. அதனாலேயே இந்தத் தொழில் கொஞ்சம் புரிந்தது.

சுண்ணாம்பு செய்யும் காவல்

பனையின் பாளையை மெல்லியதாகச் சீவி, அடியில் மண் கலயத்தைக் கட்டிவிடுவார்கள். இரவு முழுக்கச் சொட்டுச் சொட்டாகச் சாறு இறங்கும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். தடவாவிட்டால் விடிவதற்குள் கள்!

காரணம் எளிது. அந்தச் சாற்றில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. காற்றிலும் பாளையிலும் இருக்கும் ஈஸ்ட்டுக்கு அது விருந்து. சாறு வடிய ஆரம்பித்த நிமிடமே புளிக்கவைக்கும் வேலையைத் தொடங்கிவிடும். சுண்ணாம்பின் காரம்தான் அதைத் தடுக்கிறது. சுண்ணாம்பு குறைந்தால் புளிக்கும், கூடினால் கருப்பட்டி கறுத்துக் கசக்கும். அளவுக்குத் தராசெல்லாம் கிடையாது, கைப்பழக்கம்தான்.

முதல் அடி: ராத்திரித் தூறல்

காலை ஐந்தரைக்கெல்லாம் மரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார் அந்த அண்ணாச்சி. காலில் தளைநார், இடுப்பில் அரிவாள் பெட்டி. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவருடைய கணக்கில் 30 மரங்கள். கலயத்தை மூக்கருகே கொண்டுபோனவர், முகத்தைச் சுளித்தார்.

"ராத்திரித் தூறல் உள்ள பூந்துருச்சு தம்பி. சுண்ணாம்பு நீத்துப் போச்சு."

ஒவ்வொரு கலயமாக விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். நுரை பூத்த கலயங்களைத் தனியே ஒதுக்கினார். மொத்தம் 11. கிட்டத்தட்ட 22 லிட்டர். "இதை என்ன பண்ணுவீங்க அண்ணாச்சி?" என்று கேட்டு முடிப்பதற்குள், எல்லாவற்றையும் மண்ணில் கவிழ்த்துவிட்டார்.

"இப்ப இது கள்ளு. கையில வச்சிருந்தாலே கேஸு."

தமிழ்நாட்டில் 1987 ஜனவரி முதல் கள் இறக்கத் தடை. பக்கத்துக் கேரளத்தில் அரசு உரிமத்தோடு கள்ளுக்கடையே இருக்கிறது. தடையை நீக்க வேண்டும் என்று இங்கேயும் விவசாயிகள் போராடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரே மரம், ஒரே சாறு. நடுவில் இருப்பது ஒரு கை சுண்ணாம்பு. அதை மழை கழுவிவிட்டால், உழைப்பு மண்ணுக்குத்தான்.

இரண்டாவது அடி: எரியாத அடுப்பு

மிச்சம் இருந்தது சுமார் 38 லிட்டர். வடிகட்டி, அகலச் சட்டியில் ஊற்றி அடுப்பேற்றினார் அண்ணாச்சியின் மனைவி. விறகு, காய்ந்த பனை மட்டைதான். அன்றைக்கு அதுவும் நனைந்திருந்தது. புகைதான் வந்தது, தீ வரவில்லை.

"சீக்கிரம் கொதி வரணும். நேரம் ஆக ஆக உள்ளயே புளிச்சுரும்" என்று ஊதிக்கொண்டே இருந்தார் அந்த அக்கா. ஒருவழியாகத் தீ பிடித்தபோது ஒரேயடியாகப் பிடித்தது. நுரை பொங்கி விளிம்பைத் தாண்டி அடுப்புக்குள் வழிந்தது. பொங்கினால் தட்டிப் போட ஆமணக்கு முத்து எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்குமாம். அன்றைக்கு அந்த டப்பா காலி!

மூன்றாவது அடி: உறையாத பாகு

சுமார் 8 லிட்டர் பதநீர் காய்ந்தால் ஒரு கிலோ கருப்பட்டி. இந்தச் சட்டியிலிருந்து கிட்டத்தட்ட ஐந்து கிலோ வர வேண்டும். மூன்று மணி நேரம் கழித்து, தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகை விட்டுப் பார்த்தார் அக்கா. உருண்டு நிற்க வேண்டிய பாகு, நூலாக இழுத்தது. இன்னும் காய்ச்சிச் செரட்டைகளில் ஊற்றினார். மத்தியானம் ஆகியும் உறையவில்லை.

புளிப்பு லேசாக ஏறினாலே இதுதான் நடக்கும். சாற்றிலிருக்கும் சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஆகிவிடும். சுக்ரோஸ் போல அவை எளிதில் கட்டியாகாது. காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். நாக்குக்குத் தெரியாத புளிப்பு, செரட்டையில் தெரிந்துவிடுகிறது.

மழையால் பட்டாசு ஆலையிலும் அன்றைக்கு வேலை இல்லை. வெயில் இல்லாவிட்டால் அங்கேயும் எதுவும் காயாது. வீட்டில் இருந்த மகன், எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"எம்மா, ரெண்டு கிலோ சீனி வாங்கியாறேன். போட்டுக் கிண்டுனா கெட்டியாயிரும்."

சந்தையில் நடக்காத விஷயம் இல்லை. சீனி கலந்த கருப்பட்டி வேகமாக உறையும், எடையும் கூடும். பதநீரே தீர்ந்த மாதங்களிலும் கருப்பட்டி குறைவில்லாமல் கிடைப்பதன் ரகசியங்களில் இதுவும் ஒன்று. அன்றைய நாள் கூலியே அந்த இரண்டு கிலோ சீனியில்தான் இருந்தது.

அக்கா தலை நிமிரவில்லை. "பிள்ள பெத்தவளுக்குச் சுக்கோட சேத்து இடிச்சுக் கொடுக்கன்னு வாங்கிட்டுப் போறாக. அவுகளுக்குச் சீனியக் கொடுக்கவா?"

பாகு அப்படியே ஒரு பானைக்குள் போனது. வீட்டுக்குத் தொட்டுக்கொள்ள ஆகும். விற்பனைக்கு ஒரு செரட்டைகூட இல்லை.

ஆனாலும் ஏறத்தான் வேண்டும்

சாயங்காலம் நாலு மணி. மேகம் விலகவில்லை. கலயங்களைக் கழுவி, புதுச் சுண்ணாம்பு தடவி, மறுபடியும் தளைநாரை எடுத்தார் அண்ணாச்சி. "ஒரு நாள் லீவு போடக் கூடாதா?" என்றோம்.

"சீவாம விட்டா பாளை காஞ்சு அடைச்சுக்கும் தம்பி. அப்புறம் அதுல சாறு வராது."

மகனுக்கு மரம் ஏறத் தெரியாது. ஏறச் சொல்லவும் இவருக்கு மனமில்லை. பனை நம் மாநில மரம். 2021 வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதைகள் வழங்கும் திட்டத்தை அறிவித்தார்கள். மரத்தை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்றும் சொன்னார்கள். மரங்கள் வளர்ந்துவிடும். ஏறுவதற்கு ஆள்?

கருப்பட்டி வாங்கும்போது...

* மழைக்காலத்தில் கருப்பட்டி லேசாகக் கசிவது இயல்பு. 'கெட்டுப்போச்சு' என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.
* பாகு காய்ச்சி வடிகட்டிய பிறகே பயன்படுத்துங்கள். அடியில் சுண்ணாம்பும் தூசியும் தங்கியிருக்கலாம்.
* முடிந்தால் சீசனில், காய்ச்சுபவர்களிடமே நேரடியாக வாங்குங்கள்.
* ஆமத்தூர் பக்கம் போக விருதுநகர் வரை ரயில், அங்கிருந்து சிவகாசி ரோட்டில் பஸ். பதநீர் குடிக்க வேண்டுமென்றால் காலையிலேயே போய்விடுங்கள்.

விலை அதிகம் என்று பேரம் பேசத் தோன்றினால், கவிழ்த்துவிட்ட அந்த 11 கலயங்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்!